அடியில் வைத்த அட்டை

மகள் வீடு,
நவம்பர் 9

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

முதலில் உன் அத்தானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் உன் மண்டையில் ஏறாது. மூச்சிரைப்பு அடங்கிவிட்டது. நெஞ்சுச் சளி மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறதாம். எட்டு நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, முந்தாநாள்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்ததும் வராததுமாக மருமகனுடைய ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை என்று குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் வாய் சும்மா இருக்குமா? அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான் எனக்கு உயிரே வந்தது.

போனில் பேசாமல் எதற்குக் காகிதம் என்று கேட்பாய். என் போன் தண்ணீரோடு போய்விட்டது. மகள் போனில் பேசினால் வீடே காதைக் கொடுக்கும். தவிர, போனில் எதைச் சொன்னாலும் நீ "சரிக்கா, சரிக்கா" என்று முடித்துவிடுவாய்.

மூன்று நாள் நின்ற வெள்ளத்தைக்கூடத் தாங்கிக்கொண்டோம். கட்டில் மேல் நாற்காலி, நாற்காலி மேல் நான் என்று பொழுதை ஓட்டினோம். தண்ணீர் வடிந்த பிறகு மூன்று நாள் கொட்டியதே மழை, அதுதான் ஆளைச் சாய்த்துவிட்டது. மரக்கிளை விழுந்து ஓடு உடைந்த இடத்துக்கு நேர் கீழே தையல் மிஷின். நகர்த்த இடமில்லை, மற்றதெல்லாம் சேறு. உன் அத்தான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மிஷினுக்குக் குடை பிடித்தார். மூன்று பகலும். குடை மிஷினுக்கு, மழை அவருக்கு. "மிஷின் நனைஞ்சா துருப்பிடிச்சிரும், நான் துருப்பிடிக்க மாட்டேன்" என்று வேடிக்கை வேறு. மிஷின் பிழைத்தது. உங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தைத்து வைத்திருந்த நாற்பது சீருடைகளும் பூசணம் பூத்துப் போயின.

இப்போது எதிர்வீட்டம்மா விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். அவளும் நானும் நாலு வருஷமாகப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். அவள் வீட்டு ஜன்னல் திரையை நான் நாலு விரல் குட்டையாகத் தைத்துவிட்டேன். திருத்தித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. என் தொழில் லட்சணத்தைத் தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று அப்படியே மாட்டி வைத்தாள்.

எல்லா வீட்டுக்கும் நிவாரண மூட்டை கொடுத்தார்களே, அரிசி, பால் பவுடர், போர்வை, ஒரு தார்ப்பாய் என்று, அது நம் வீட்டுக்கு வரவில்லை. நானும் பையோடு பள்ளிக்கூட வாசலில்தான் நின்றேன். வீட்டுக்கு ஒன்றாக நீ பெயர் எழுதி வைத்திருந்த அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டீர்கள். கடைசியில் லாரி காலி, முடிந்தது என்றார்கள். உன்னிடம் வந்து கேட்க வாயெடுத்தேன். அதிகாரிகள் உன்னைச் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் அக்கா வந்து தம்பியிடம் கேட்டால் உனக்கு மரியாதையாக இருக்காது என்று திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் கூத்து. அந்த மழையில் தெருவே ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டது. என் வாசலை மட்டும் எல்லாரும் தாண்டிப் போனார்கள். பட்டியல் எழுதியவனின் அக்கா, அவளுக்குப் பின்வாசல் வழியாக ரெண்டு மூட்டையாவது வந்திருக்கும் என்று நினைப்பு. வரவில்லை என்று சொன்னேன். சிரித்தார்கள். எதிர்வீட்டம்மா மட்டும் இரண்டாம் நாள் தன் மூட்டையில் பாதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்தாள். "நாலு வருஷமா அந்தத் திரைக்குக் கீழே உன் வாசலைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன். உன் வீட்டுக்குள்ள ஒரு மூட்டையும் போகலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அந்தப் பால் பவுடரில்தான் உன் அத்தான் ஆஸ்பத்திரி போகும்வரை தெம்பாக இருந்தார். அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்?

உன் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் வீட்டுக்கு ஒரு சண்டை சச்சரவு இல்லாமல் கொடுத்து முடித்தாய் என்று எல்லாரும் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நம் அட்டை எங்கே விழுந்தது என்று மட்டும் நேரம் கிடைக்கும்போது பார்.

உன் அன்பு அக்கா


பள்ளி அலுவலகம்,
நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தான் பிரேக்கைக் குறை சொன்ன இடத்தை மூன்று முறை படித்தேன். உன் தம்பி பெண்டாட்டியிடமும் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நாங்கள் இருப்பது மேட்டுத் தெரு என்பதால் எங்களுக்கு ஒரு சேதமும் இல்லை, அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு வரமுடியவில்லை. தலைமையாசிரியை விடுப்பில் இருந்ததால் நிவாரண முகாமும் பள்ளிக்கூடமும் என் தலையில்தான். கிளார்க்காகச் சேர்ந்த நாளிலிருந்து வருகைப் பதிவேட்டைத் தவிர எதையும் வாசிக்காத என்னை ஊருக்கே பேர் வாசிக்க வைத்துவிட்டார்கள். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மையத்தில் ஜனங்கள் லாரி மேலேயே ஏறி, ஒருவருக்குக் கை ஒடிந்ததாம். நம் மையத்தில் ஒரு தள்ளுமுள்ளு இல்லை. அதற்காக அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கைகுலுக்கினார். வீடுகளுக்குக் கூரைத் தகரம் வரப்போகிறதாம், அதையும் நானே பிரித்துக் கொடுக்க வேண்டுமாம்.

உன் அட்டை மழையில் நனைந்து எழுத்து அழிந்திருக்க வேண்டும். அப்படிச் சில அட்டைகள் போய்விட்டன. மன்னித்துக்கொள். சீருடைகளைப் பற்றிக் கவலைப்படாதே, பள்ளியில் பேசிக்கொள்கிறேன். எதிர்வீட்டம்மாவுக்கு என் நன்றியையும் சொல்.

அன்புத் தம்பி


மகள் வீடு,
நவம்பர் 20

தம்பிக்கு,

உன் அத்தான் இன்றைக்கு மாடிப்படி ஏறி இறங்கினார். டாக்டர் நடக்கச் சொன்னார், இவர் போட்டி போடுகிறார். மகளும் மருமகனும் முகம் கோணாமல் பார்த்துக்கொள்கிறார்கள். யார் செய்த புண்ணியமோ, வயசு காலத்தில் நமக்கு நல்ல மனுஷர்கள் வாய்த்திருக்கிறார்கள்.

ஆனால் உன் கடிதம் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. மூட்டை கொடுத்த அன்றைக்கு மழையே இல்லையே. வெயில் அடித்தது. என் முந்தானையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டுதானே நின்றேன். மழை மறுநாள்தான் பிடித்தது. அட்டை எந்த மழையில் நனைந்தது?

எதிர்வீட்டம்மாவிடம் மகள் போனில் பேசினேன். ஆமாம், இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம், வாரத்துக்கு ரெண்டு தடவை. நாலு வருஷத்துப் பாக்கியைத் தீர்க்க வேண்டாமா? அவள் சொல்கிறாள், ஆற்றோரத்திலிருந்து எழுத ஆரம்பித்ததால் நீ எழுதிய முதல் அட்டையே என் வீட்டுக்குத்தானாம். மருந்துப் பெட்டி அட்டையை வெட்டி, மையைத் தொட்டுத் தொட்டு எழுதினாயாம். எழுதும்போது யாரோ சிரித்தார்களாம், அதோடு அவள் வரிசைக்குப் போய்விட்டாளாம். முதல் அட்டை எப்படிடா கடைசிவரை வராமல் போகும்?

சின்ன வயதில் பொய் சொன்னால் உனக்குக் காது மடல் சிவக்கும். காகிதத்தில் காது தெரியாது என்று எழுதிவிட்டாய். நிஜத்தைச் சொல்.

அக்கா


வீடு,
நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

காது சிவந்துதான் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

முதல் அட்டை உனக்குத்தான் எழுதினேன். ஆற்றை ஒட்டிய வீடு, அதுதான் நியாயமும்கூட. எழுதி முடிப்பதற்குள் டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அட, முதல் பேரே அக்கா வீடா சார்?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொன்னார் என்றுகூடச் சொல்லமாட்டேன். நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. அந்த அட்டையை எடுத்து அடுக்கின் அடியில் வைத்தேன். அதோடு நிற்கவில்லை. தன் ஆட்களுக்குத்தான் முதலில் கொடுக்கிறான் என்று யாரும் சொல்லக்கூடாதென்று, என்னோடு மூட்டை இறக்கிய வாட்ச்மேன் அட்டையையும், பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிற ஆயா அட்டையையும் அடியில் வைத்தேன். எல்லாரும் பார்க்கத்தான் வைத்தேன். பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் முண்டியடிக்கவில்லை. தன் ஆளையே கடைசிக்குத் தள்ளியவன் நம்மை ஏமாற்றமாட்டான் என்று வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது. அதிகாரி கை குலுக்கியது அந்த அமைதிக்காகத்தான்.

இருநூற்றுப் பன்னிரண்டு அட்டை. லாரியில் வந்தது இருநூற்றொன்பது மூட்டை. நான் இறக்கும்போது எண்ணவில்லை, சீட்டில் போட்டிருந்ததை நம்பிவிட்டேன். கடைசி மூன்று அட்டை கையில் நின்றது. அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டதால் அதை யாரும் கவனிக்கவில்லை, உனக்குப் பிறகு தனியாகக் கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னும் இருக்கிறது, அதையும் கேள். அந்த மூன்று நாள் மழையில் குடிதண்ணீர் டிராக்டரில் உன் தெருவுக்கு இரண்டு தடவை வந்தேன். உன் வாசலில் நிற்கவில்லை. கையில் ஒரு குடத்தோடு உன் வீட்டுக்குள் நுழைந்தால்கூட, பார்த்தீர்களா என்று ஆரம்பித்துவிடுவார்களே என்று பயம். உனக்கு எப்படியும் யாராவது கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அத்தான் குடை பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் நிஜம்.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். இத்தனை நாள் மேஜை டிராயரில் கிடந்தது. என்னால் அதைக் கிழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

தம்பி


பள்ளி அலுவலகம்,
டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

பதினாறு நாளாக உன் கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டாலே அலுவலகத்தை விட்டு வெளியே வந்துவிடுகிறேன். அவர் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார். அத்தான் நன்றாக இருக்கிறார் என்று உன் மகளிடம் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "அம்மா இருக்காங்களா" என்றேன். "தைச்சுக்கிட்டு இருக்காங்க மாமா" என்றாள். நீ பக்கத்தில்தான் இருந்தாய் என்று தெரியும்.

எதிர்வீட்டம்மாவுக்கு நேரில் நன்றி சொல்லப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. "நன்றியை எனக்கு எதுக்குச் சொல்றீங்க? மூட்டை கொடுக்க வேண்டியது நீங்க, பாதி கொடுத்தது நான். மீதிப் பாதி எங்கேன்னு உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றார். சட்டையைச் சரிசெய்துகொண்டு வந்துவிட்டேன்.

கூரைத் தகரம் ஜனவரி முதல் வாரம் வருகிறது. இறக்குவதற்கு ஆள் வேண்டும் என்று போன வாரமே சொல்லி வைத்தேன். போன தடவை நான் கேட்காமலே இருபது பேர் ஓடி வந்தார்கள். இந்தத் தடவை ஒருவர்கூட வரவில்லை. வாட்ச்மேன் அன்றைக்கு விடுப்பு வேண்டும் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆயா மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னாள். "சார், உங்களுக்கு உதவி செஞ்சா நம்ம பேரு அடிக்குப் போயிடும்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. எனக்கும் வீட்ல ரெண்டு பேரப்பிள்ளைங்க இருக்கு சார்." அந்த வாரம் அந்தக் குழந்தைகள் நனைந்த சாக்கின் மேல் படுத்திருந்தன என்று அதற்குப் பிறகுதான் சொன்னாள். நான் என்னை நல்லவன் என்று காட்டிக்கொள்ளத் தள்ளி வைத்தது அந்தக் குழந்தைகளுக்குப் போக வேண்டிய போர்வையை.

அதிகாரியிடம் போய் இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். எனக்கு நியாயம் பார்க்கத் தெரியவில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


மகள் வீடு,
டிசம்பர் 17

தம்பிக்கு,

எழுத உட்கார்ந்தேன், ரெண்டு தடவை கிழித்துப் போட்டேன். முதல் தடவை திட்டு அதிகமாகிவிட்டது. இரண்டாம் தடவை அழுகை. இது மூன்றாவது.

அட்டையை அடியில் வைத்தாய், சரி. அதற்குக்கூட நான் அழவில்லை. நீ என்னிடம் வந்து, "அக்கா, ஜனங்க ஒரு மாதிரி பேசறாங்க, நீ கடைசியா வாங்கிக்கிறியா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே உன் பக்கத்தில் நின்று, கடைசி ஆளாக வெறும் கையோடு சிரித்துக்கொண்டே திரும்பியிருப்பேன். நீ கேட்கவில்லை. உனக்கு நல்ல பெயர் வேண்டியிருந்தது, அதற்கு என்னை எடுத்துச் செலவழித்துவிட்டாய். உன் கையிலிருந்து கொடுத்திருந்தால் அது நேர்மை. என் கூரைக்கு வர வேண்டிய தார்ப்பாயை எடுத்துக் கொடுத்துவிட்டு நீ கைகுலுக்கிக்கொண்டாய்.

டிராக்டர் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. முதல் தடவை நீ வந்தபோது உன் அத்தான்தான் முதலில் பார்த்தார். கையில் குடையோடு, "தம்பி வரான், எழுந்திரு, டீ போடு" என்றார். அடுப்பு பற்ற வைக்க வீட்டில் ரெண்டே ரெண்டு காய்ந்த விறகுத் துண்டு இருந்தது, அவருக்கு வெந்நீர் போட வைத்திருந்தேன். அதை எடுத்துப் பற்ற வைத்து, எதிர்வீட்டம்மா கொடுத்த பால் பவுடரில் உனக்கு டீ போட்டேன். வாசலுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன். நீ நேராகப் பார்த்துக்கொண்டே போய்விட்டாய். அவசரம் போலிருக்கிறது, திரும்பி வரும்போது நிற்பான் என்றார் அத்தான். தம்ளரைத் தட்டு போட்டு மூடி வைத்தேன். மறுநாளும் போனாய். இதுவரை இதை யாரிடமும் சொன்னதில்லை. உன் அத்தான்கூட நீ கவனிக்கவில்லை என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அவரை அப்படியே நினைக்க விட்டிருக்கிறேன்.

இவ்வளவுதான் என் ஆத்திரம். எழுதிவிட்டேன், பாரம் குறைந்தது. இனி வேலையைப் பார்ப்போம்.

வேலை வேண்டாம் என்று சொல்லாதே. நீ விட்டால் வேறு எவனாவது வந்து தன் ஆட்களுக்கெல்லாம் முதலில் கொடுப்பான், அது ஒரு பக்கம். எண்ணாமல் ஆரம்பிக்கிற பழக்கத்தை விடு. துணியை அளக்காமல் நான் கத்தரி வைப்பேனா? வாட்ச்மேனிடமும் ஆயாவிடமும் போய் உட்கார்ந்து பேசு. என்னிடம் எழுதியதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல். எனக்கு எழுதுவதைவிட அது கஷ்டம். செய்.

நீ அனுப்பிய அட்டை வந்தது. இங்கே சாப்பாட்டு மேஜையில் ஒரு கால் குட்டை, ஆடிக்கொண்டே இருந்தது. மடித்து அதற்கு அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை. எப்படியோ உபயோகத்துக்கு வந்தது.

நம் ஓடு இன்னும் உடைந்துதான் கிடக்கிறது. தகரம் கொடுக்கிற அன்றைக்கு நான் பஸ் ஏறி வருவேன். மற்றவர்களைப் போல வரிசையில் நிற்பேன். என் பெயரை எங்கே வைக்கப் போகிறாய் என்பது உன் பாடு.

அக்கா


பள்ளி அலுவலகம்,
டிசம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த டீயைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை இல்லை. இல்லாத வார்த்தையைத் தேடி இந்தக் காகிதத்தை வீணாக்கப் போவதில்லை.

வாட்ச்மேனிடமும் ஆயாவிடமும் பேசினேன். வாட்ச்மேன் விடுப்புக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆயா, "இப்பவாச்சும் சொன்னீங்களே" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் என் மேஜையைத் துடைத்திருந்தாள். ஒரு மாதமாகத் துடைக்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்று பள்ளி மைதானத்தில் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். உடைந்த கூரைகளைப் போய்ப் பார்த்து எழுதிய பட்டியலைச் சத்தமாக வாசித்தேன். தெருவை எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்று அவர்களையே கேட்டேன். பஸ் நிறுத்தத்துப் பக்கம் என்றார்கள். வீட்டு வரிசைப்படியே எண் போட்டாயிற்று. லாரி வந்ததும் முதலில் எண்ணுவது, குறைந்தால் எல்லாருக்கும் ஒவ்வொரு தகடு குறைப்பது, யாரும் வெறும் கையோடு போகக்கூடாது என்று முடிவாயிற்று. இறக்குவதற்குப் பதினோரு பேர் கை தூக்கினார்கள்.

உன் எண் முப்பத்தேழு. நான் வைக்கவில்லை, அது தானாக விழுந்த இடம்.

அளக்காமல் கத்தரி வைப்பேனா என்று கேட்டாயே. எதிர்வீட்டுத் திரையை அளந்துதான் வெட்டினாயா? கேட்கத் தைரியம் வந்திருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

அன்புத் தம்பி


மகள் வீடு,
ஜனவரி 8

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கொஞ்சம் நகர்ந்தே உட்கார்ந்தாள்.

அளந்து வெட்டவில்லை. எதிர்வீட்டம்மா கையை விரித்து இவ்வளவு என்று காட்டினாள், நான் கண்ணால் பார்த்து வெட்டிவிட்டேன். போதுமா? நம் குடும்பத்துக்கே அந்தப் புத்திதான்.

நடந்ததை உன் அத்தானிடம் நாலு தடவை சொல்லியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்கிறார். நீ அங்கேதான் இருந்தாய், ஆனாலும் வரிசையில் நின்றவளுக்குத் தெரிந்ததையும் நீ கேட்டுக்கொள். முப்பத்தாறு முடிகிறவரை ஒவ்வொரு எண்ணையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே நின்றேன். முப்பத்தேழு என்று கூப்பிட்டு என் வீட்டைச் சொன்னாய். உடனே டயர் கடைக்காரர், "அக்கா வீடுங்களா சார்?" என்றார். நீ நாற்காலியை விட்டு எழுந்தாய்.

"ஆமா, என் கூடப் பிறந்த அக்கா. போன தடவை நீங்க சிரிச்சீங்கன்னு அவங்க அட்டையை அடியில வெச்சேன். மூட்டை கிடைக்காமலே போச்சு. அத்தான் எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தாரு. இந்தத் தடவை அவங்க இடம் முப்பத்தேழு. யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க."

டயர் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நீ வேறு பேனாவோடு பதிவேட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நின்றாயா, என் வாயில் தானாக வந்துவிட்டது, "உள்ளேன் ஐயா."

முதலில் சிரித்தது ஆயாதான். அப்புறம் மைதானமே சிரித்தது. போன தடவை சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள். முப்பத்தெட்டும் "உள்ளேன் ஐயா" என்றது, முப்பத்தொன்பதும் சொன்னது. டயர் கடைக்காரர் தன் முறை வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு சொன்னாரே, அதைச் சொன்னால் உன் அத்தானுக்குச் சிரிப்பில் இருமல் வந்துவிடுகிறது. டாக்டர் சிரிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் கேட்டுவிட்டேன்.

பின்னால் ஒருவர், "என்ன இருந்தாலும் அக்காதானே" என்று முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. முணுமுணுக்கட்டும். எல்லார் வாயையும் மூட நினைத்துத்தானே போன தடவை அவ்வளவும் நடந்தது.

எதிர்வீட்டம்மா என் தகடுகளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தாள். அவளுக்குப் புதுத் திரை தைத்துக் கொண்டுபோயிருந்தேன், இந்தத் தடவை அளந்து. வாங்கிப் பிரித்துப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். "அது குட்டையாவே இருக்கட்டும். உன் வாசல் தெரியணும்" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மாத முடிவில் நாங்கள் இரண்டு பேரும் ஊருக்கு வந்துவிடுவோம். தகரம் அடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. சீருடைத் துணி புதிதாக அனுப்பப் போவதாகத் தலைமையாசிரியை சொல்லியனுப்பியதற்கு என் நன்றியைச் சொல். மகளுக்கும் மருமகனுக்கும், ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும், ஆயாவுக்கும், யார் யாருக்கோ நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வயதில் இத்தனை பேருக்கு நன்றி சொல்லும்படி இருப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

நீ மற்றவர்களின் தகடு ஏற்றிய டிராக்டரை என் வாசலில் நிறுத்தச் சொல்லி இறங்கி வந்தாயே. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, ஓடு உடைந்த அறையில், அத்தான் குடை பிடித்த அதே நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் போட்ட டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாய். குடித்துவிட்டு, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றாய்.

மூடி வைத்து ரெண்டு மாதத்துக்கு மேலாகிறதே, அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வா, சரியாகப் போட்டுத் தருகிறேன்.

உன் அன்பு அக்கா